வானியல் வரலாற்றில் குயிஸ் நடத்துவது எப்படி? புதுச்சேரி, கடலூர் நண்பர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி அறிவியல் மன்றமோ, நூலக வாசகர் வட்டமோ, குடியிருப்போர் சங்கமோ, "வானியல் வரலாற்றை வைத்து ஒரு குயிஸ் நடத்திக் கொடுங்களேன்" என்று உங்களிடம் கேட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். இனி என்ன செய்வது?

வழக்கமாக நடப்பது இதுதான்: இணையத்தில் தேடி ஐம்பது கேள்விகளை எடுத்து, தமிழில் மாற்றி, மைக்கில் வரிசையாகப் படித்துவிடுவார்கள். யுரேனஸ் எந்த ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது? கோப்பர்நிக்கஸ் எந்த ஆண்டு இறந்தார்? தெரிந்த பிள்ளை சொல்லும், தெரியாத பிள்ளை விட்டத்தைப் பார்க்கும். பத்து நிமிடத்தில் பாதி அரங்கம் செல்போனுக்குள் போய்விடும்.

விடை தெரியாதவர்கூட யோசித்தால் எட்டிப்பிடிக்க முடிகிற கேள்வியே கேட்கத் தகுந்தது என்பது என் கட்சி. வானியல் வரலாறு அதற்குத் தோதான துறை. அந்தக் காலத்தில் வானத்தைப் பார்த்தவர்கள் ஒரு குச்சியையும் அதன் நிழலையும் வைத்துக்கொண்டு யோசித்தே பல விடைகளைக் கண்டார்கள். அந்தச் சுவை கேள்வியிலும் இருக்க வேண்டும்.

முதல் வேலை: உள்ளூர்க் கேள்விகளைச் சேர்ப்பது

கிரேக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். புதுச்சேரியிலிருந்து தொடங்குங்கள். வானியல் வரலாற்றில் இந்த ஊருக்கு இருக்கும் இடம் இங்கேயே பலருக்குத் தெரியாது. "நம்ம ஊரா!" என்று அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டால், அப்புறம் அலெக்சாந்திரியாவுக்கும் கூட வருவார்கள்.

முதல் ஆள் லெ ஜென்டி. பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே சின்னக் கரும்புள்ளியாக நகர்ந்து போகும் 'வெள்ளி இடைநகர்வு' 1761 ஜூன் 6 அன்று நிகழவிருந்தது. அதைப் பூமியின் பல மூலைகளிலிருந்து பார்த்து நேரத்தைக் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். அதற்காகப் புதுச்சேரிக்கு வர 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். வந்து சேர்வதற்குள், 1761 ஜனவரியில், ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். மாஹே கரைப்பக்கம் சேதி தெரிந்து கப்பல் திரும்பியது. இடைநகர்வு நாளன்று அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவு, வெள்ளியும் தெரிந்தது. ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரத்தை வைத்துத் துல்லியமாக நேரம் குறிக்க வழியில்லை.

அடுத்த இடைநகர்வு எட்டே ஆண்டுகளில், 1769இல். அதை விட்டால் நூறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஊர் திரும்பாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். மணிலா வரை போய்ப் பார்த்துவிட்டு, 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின் மிச்சத்தின் மேல் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நாளும் வந்தது. காலையில் மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்தபின் வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததாம். 1771இல் பிரான்சுக்குத் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, அறிவியல் கழகத்தில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். சொத்தைப் பிரிக்கும் வேலையில் வாரிசுகள் இறங்கியிருந்தார்கள்.

இதை எப்படிக் கேள்வியாக்குவது? "1769இல் புதுச்சேரியில் வெள்ளி இடைநகர்வைப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் யார்?" என்று கேட்டால் கதை முழுவதும் வீண். அரங்கில் யாருக்கும் பெயர் தெரியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "1761இல் ஒரு வானியலாளர் இந்தியப் பெருங்கடலில் கப்பலில் இருந்தபடி வெள்ளி சூரியனைக் கடப்பதைக் கண்ணாரப் பார்த்தார். வானம் சுத்தம். ஆனாலும் அவர் பார்த்தது எதற்கும் பயன்படவில்லை. ஏன்?" இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளையும் யோசிக்கும். கப்பல் ஆடும், கடிகாரம் பிசகும் என்பது வரை வந்துவிட்டாலே முழுப் புள்ளி கொடுங்கள். விடை வந்தபின் மீதிக் கதையை நீங்கள் சொல்லுங்கள். அரங்கம் கேட்கும்.

இதிலேயே ஒரு கண்ணி உண்டு, கவனியுங்கள். 1769 நிகழ்வை ஐரோப்பியப் புத்தகங்கள் ஜூன் 3 என்று எழுதும். புதுச்சேரியில் அது ஜூன் 4 விடியற்காலை. தேதியைக் கேட்டால் இரண்டு அணிகள் சண்டைக்கு நிற்கும், இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும். அதனால் தேதியைக் கேட்காதீர்கள்.

அடுத்தவர் ழான் ரிஷோ. சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஏற்பட்ட கலவரத்துக்குப் பின் புதுச்சேரிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார். 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த பிரகாசமான விண்மீன் ஒன்று உண்மையில் இரண்டு விண்மீன்கள் என்று கண்டார். அது ஆல்ஃபா சென்டாரி. நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதி என்று இன்று பாடப்புத்தகத்தில் வருவது. கேள்வி: "ஒரு வால்மீனைப் பின்தொடர்ந்த பாதிரியார், சூரியனுக்கு மிக நெருங்கிய விண்மீன் தொகுதி பற்றிய ஒரு ரகசியத்தைப் புதுச்சேரியிலிருந்து கண்டறிந்தார். பாரிஸில் இருந்த பெரிய பெரிய வானியலாளர்களால் அதை ஏன் பார்க்கவே முடியாது?" விடை: அந்த விண்மீன் தென்வானில் வெகு கீழே இருக்கிறது, பாரிஸில் அது உதிப்பதே இல்லை. நம் ஊரிலும் அடிவானத்திலிருந்து 17 டிகிரிக்கு மேல் ஏறாது. கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு முஷ்டி உயரம்கூட வராது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சென்னை வானாய்வுக்கூடத்தை ஒரு காலத்தில் நடத்திய ஜான் வாரன், 1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரைச் சந்தித்தார். அவர் பேனா தொடாமல், காகிதம் தொடாமல் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். "எதை வைத்துக் கணித்தார்?" என்று கேளுங்கள். பாட்டி வீட்டில் பல்லாங்குழி ஆடிய யாராவது ஒருவர் நிச்சயம் சொல்லிவிடுவார்: சோழி. தரையில் சோழிகளைப் பரப்பி எண்களைக் குறித்தார். அட்டவணைகளெல்லாம் வாக்கியங்களாக அவருக்கு மனப்பாடம். எழுத்துக்கு எழுத்து ஓர் எண் வைத்து, எண் வரிசையைச் சொற்றொடராக மாற்றிப் பாடம் பண்ணும் முறை அது. வாக்கியப் பஞ்சாங்கம் என்று இன்றும் வீட்டில் மாட்டியிருக்கிறோமே, அந்தப் பெயர் இங்கிருந்துதான் வருகிறது. இதே முறையை லெ ஜென்டியும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கற்றுக்கொண்டு எழுதி வைத்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி பிசகியது என்றும், ஐரோப்பாவில் அப்போது பேர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி பிசகியது என்றும் குறித்திருக்கிறார். ஒரே ஒரு கிரகணத்தை வைத்து யார் கெட்டிக்காரர் என்று முடிவுகட்டி மேடையில் முழங்க வேண்டாம். கேள்வியாகக் கேட்டால் போதும்.

இரண்டாவது: தமிழ்நாட்டுக்கு விரியுங்கள்

உள்ளூரில் நாலைந்து கேள்வி சேர்ந்ததும் கொஞ்சம் வெளியே வாருங்கள். சென்னை வானாய்வுக்கூடத்தில் 1861இல் நார்மன் பாக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். "அதுவரை இந்தக் கண்டத்திலிருந்து யாரும் சிறுகோள் கண்டுபிடித்ததில்லை. அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்?" கேள்வியிலேயே விடை இருக்கிறது: ஆசியா. அதே கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 வெள்ளி இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டவரும் அவரே. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம், ஜவ்வாது மலையில் காவலூர், மாநிலக் கல்லூரியில் படித்து 1983இல் நோபல் பெற்ற சந்திரசேகர் என்று ஆளுக்கொரு கேள்வி போடலாம். இவை பலருக்குத் தெரிந்தவை என்பதால் நீட்ட வேண்டாம்.

தமிழாசிரியர்கள் அரங்கில் இருந்தால் ஒரு சங்கப்பாடல் கேள்வி வையுங்கள். புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சூரியனின் பாதையையும் காற்று திரியும் திசையையும் ஆகாயத்தையும் நேரில் போய் அளந்து வந்தவர்கள் போலச் சொல்பவர்களும் உண்டு என்கிறார். "அவர்களாலும் அளக்க முடியாதது என்று புலவர் எதைச் சொல்கிறார்?" சோழன் நலங்கிள்ளி மறைத்து வைத்திருக்கும் வலிமையை. யானை கன்னத்தில் ஒளித்து வைத்த கல் போல என்று உவமை வேறு. விடை தெரிந்த தமிழாசிரியரின் முகத்தைப் பார்க்கவே இந்தக் கேள்வியைப் போடலாம்.

மூன்றாவது: உலகக் கேள்விகளைச் செதுக்குவது

இங்கேதான் இணையக் கேள்விகளை உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. "பூமியின் சுற்றளவை முதலில் கணக்கிட்டவர் யார்?" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எரடோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞரின் பெயரைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பதில் துண்டுக் காகிதம் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: "எகிப்தின் ஸயீன் நகரில் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல். அதே நாள் நண்பகலில் அலெக்சாந்திரியாவில் 7.2 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (கிரேக்கரின் பழைய நீள அளவு). பூமியின் சுற்றளவு எவ்வளவு?" 360ஐ 7.2ஆல் வகுத்தால் 50. அதை 5,000ஆல் பெருக்கினால் 2,50,000 ஸ்டேடியம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அவர் செய்த கணக்கை உங்கள் அரங்கில் ஒரு பிள்ளை அரை நிமிடத்தில் செய்துவிடும்.

கூடவே ஒரு சேர்க்கை: ஸயீனில் நடந்தது நம் ஊரிலும் நடக்கிறது, ஆண்டுக்கு இரண்டு முறை. ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும், நண்பகல் 12.10ஐ ஒட்டி, புதுச்சேரியிலும் கடலூரிலும் நட்ட கம்புக்கு நிழல் விழாது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் கொண்டாடுகிறார்களே, அதுதான். நிகழ்ச்சியை அந்தத் தேதியை ஒட்டி வைக்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள், வாசலிலேயே ஒரு கம்பை நட்டுவிடலாம்.

ஆட்களைப் பற்றிக் கேட்கும்போது அவர்கள் மாட்டிக்கொண்ட சிக்கலைக் கேளுங்கள். எட்மண்ட் ஹாலி ஒரு வால்மீன் 1758இல் திரும்பி வரும் என்றார். அவர் இறந்தது 1742இல். "தன் கணிப்பு பலித்ததைப் பார்க்க முடியாமல் போன இவரது வால்மீனை 1758 கிறிஸ்துமஸ் இரவில் முதலில் கண்டவர் வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் இல்லை. அவர் என்ன தொழில் செய்தார்?" டிரெஸ்டன் பக்கத்து விவசாயி, பாலிட்ஷ். இப்படி ஒரு கேள்வி நெய்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று: 11 வயதுச் சிறுமி பெயர் வைத்த கோள் எது? புளூட்டோ. வெனிஷியா பர்னி, 1930. இப்போது அது கோள் பட்டியலில் இல்லை என்று யாராவது கூவுவார்கள். 2006இல் குறுங்கோளாக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு நகருங்கள். கேள்வியை எழுதும்போதே "அப்போது கோள் எனப்பட்டது" என்று சேர்த்துவிட்டால் கூச்சலும் மிச்சம்.

நான்காவது: சரிபார்ப்பது. இதில் சோம்பல் கூடாது

வானியல் வரலாற்றில் எல்லாருக்கும் 'தெரிந்த' விடைகளில் கணிசமானவை தவறு. தொலைநோக்கியைக் கலிலியோ கண்டுபிடித்தார் என்பது முதல் உதாரணம். 1608இல் நெதர்லாந்தில் மூக்குக்கண்ணாடி செய்பவரான லிப்பர்ஹே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கலிலியோ சேதி கேட்டுத் தானே ஒன்று செய்து வானத்தைப் பார்த்தார். தொலைநோக்கி வழியே நிலவைப் படம் வரைந்ததில்கூட இங்கிலாந்தின் ஹாரியட் சில மாதம் முந்திக்கொண்டார், 1609 ஜூலையில்.

"முதலில்" என்ற சொல்லைக் கண்டாலே சந்தேகப்படுங்கள். யுரேனஸை 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார் என்பது சரி. ஆனால் 1690லேயே ஆங்கில வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் அதைப் பார்த்து, விண்மீன் என்று நினைத்துப் பட்டியலில் எழுதிவிட்டார். நெப்டியூனை 1612 டிசம்பரிலேயே கலிலியோ பார்த்து வரைந்திருக்கிறார், கோள் என்று தெரியாமல். "முதலில் பார்த்தவர்" என்று கேட்டு "ஹெர்ஷல்" என்று விடை வைத்திருந்தால், விஷயம் தெரிந்த ஒரு மாணவி உங்களை மேடையிலேயே உட்கார வைத்துவிடுவாள். "கோள் என்று இனங்கண்டவர்" என்று கேட்டால் தப்பித்தீர்கள்.

பெருமைக்காகப் பரவும் வாட்ஸ்அப் செய்திகளிலும் இதே கவனம் தேவை. கி.பி. 499இல் 23 வயதில் ஆர்யபட்டர் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்றும், கிரகணம் நிழலால் வருகிறது என்றும் எழுதினார். அது போதாதா? அவரே பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றும் சொன்னார் என்று ஏற்றிவிடுகிறார்கள். சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததைக் கொண்டாடுவது அவருக்கு மரியாதை இல்லை. சூரியனை நடுவில் வைத்தவர் சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ், கோப்பர்நிக்கஸுக்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக.

மாறக்கூடிய விடைகளையும் தவிர்த்துவிடுங்கள். வியாழனுக்கு எத்தனை நிலவுகள் என்று கேட்டீர்களானால், நீங்கள் தாள் அச்சடித்த பிறகு எண்ணிக்கை கூடியிருக்கும். பழைய விடைகளும் மாறும். வாள்சண்டையில் மூக்கறுபட்ட டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹி போட்டுக்கொண்ட செயற்கை மூக்கு தங்கம், வெள்ளி என்றெல்லாம் பழைய குயிஸ் புத்தகங்களில் இருக்கும். கல்லறையைத் திறந்து எலும்பைச் சோதித்ததில் பித்தளை என்று 2012இல் தெரியவந்தது.

ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு தனித்தனி இடங்களில் விடையைப் பாருங்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதிய பக்கங்களை இரண்டாகக் கணக்கு வைக்காதீர்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போக லாஸ்பேட்டையில் கோளரங்கமும் உண்டு. இரண்டு இடத்திலும் உங்களுக்கு நாலு கேள்வியாவது கூடுதலாகக் கிடைக்கும்.

ஐந்தாவது: நிகழ்ச்சி நாள்

எழுத்துச் சுற்று ஒன்று, மேடைச் சுற்று ஒன்று போதும். எழுத்துச் சுற்றில் இருபது கேள்வி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை படியுங்கள். முதல் ஆறு அணிகளை மேடைக்கு அழைத்து, பதில் தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் பாஸ் ஆகும் முறையில் நடத்துங்கள். புதியவர்களுக்குப் பஸர் வேண்டாம். பஸர் வந்தால் விரல் வேகம் ஜெயிக்கும், யோசிக்கிற பிள்ளை தோற்கும். நம் கேள்விகளோ யோசிக்கச் சொல்கிற கேள்விகள். முப்பது விநாடியாவது கொடுக்க வேண்டும்.

உச்சரிப்பில் கறாராக இருக்காதீர்கள். பிரெஞ்சுப் பெயரை ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை ஒரு மாதிரியும், தமிழ்வழிப் பிள்ளை ஒரு மாதிரியும், வீட்டில் பிரெஞ்சு பேசுகிற புதுச்சேரிப் பிள்ளை மூன்றாவது மாதிரியும் சொல்லும். ஆள் யார் என்று புரிந்தால் புள்ளி. எழுத்துச் சுற்றில் எழுத்துப் பிழைக்கும் கழிக்க வேண்டாம். இதை முதலிலேயே அறிவித்துவிட்டால் பின்னால் பெற்றோர்கள் மேடைக்கு வரமாட்டார்கள். ஆட்சேபணை வந்தால் கேட்டுக்கொள்ள, பக்கத்தில் ஒரு நடுவரை உட்கார வையுங்கள். நீங்களே வாதாடாதீர்கள்.

ஜோதிடம் பற்றி ஒரு கேள்வி கூட்டத்திலிருந்து வந்தே தீரும். கோள்கள் சுற்றும் விதிகளைக் கண்ட கெப்ளரும் சம்பளத்துக்காக ஜாதகம் கணித்தவர்தான் என்று சொல்லுங்கள். சிரிப்பு வரும், நிகழ்ச்சி நகர்ந்துவிடும்.

ஜூன் மாதத்தில் மாலை நிகழ்ச்சி என்றால் கடைசிச் சுற்றைத் திறந்தவெளியில் வைக்கலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விளக்கு வெளிச்சம் அதிகம். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விளக்குகளை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போனால் தெற்கு அடிவானம் நன்றாகத் தெரியும். ஒன்பது, பத்து மணி வாக்கில் தெற்கே தாழ்வாகப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் இருக்கும். அவற்றில் இடது பக்கம் இருப்பது ரிஷோவின் ஆல்ஃபா சென்டாரி. இரண்டையும் இணைத்து வலப்பக்கம் கோடு நீட்டினால் தென்சிலுவை. "1689இல் பாதிரியார் பார்த்த விண்மீனைக் காட்டுங்கள்" என்பதே கேள்வி. சிறிய தொலைநோக்கி கிடைத்தால் அது இரண்டாகப் பிரிவதையும் காட்டலாம். மேகம் வந்தால் லெ ஜென்டியின் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுங்கள், மாற்றுக் கேள்விகள் கையில் இருக்கட்டும்.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்து வையுங்கள். எண் விடை உள்ள ஒரு கேள்வி, நெருங்கியவருக்கு வெற்றி என்பதே சிக்கலில்லாத வழி. என் பரிந்துரை: "லெ ஜென்டி 1769இல் தவறவிட்ட பிறகு, அடுத்த வெள்ளி இடைநகர்வு எத்தனை ஆண்டுகள் கழித்து வந்தது?" விடை 105, அதாவது 1874. அதுவும் சமமாகிவிட்டால், 2012க்கு அடுத்தது எந்த ஆண்டு என்று கேளுங்கள். 2117, டிசம்பரில்.